வகுப்பறையில் வலைப்பதிவும் விக்கியும்: தொடங்கும் முறை, வரிசை, வழக்கமான தவறுகள்

மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும்போது வலைப்பதிவையும் விக்கியையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இதைத் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்; நானும் அங்கேதான் இடறினேன். முதல் நாளே வலைப்பதிவைத் திறந்து, முகப்புக்கு அழகான படம் வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் எழுதச் சொன்னேன். முதல் வாரம் “வணக்கம், என் பெயர்...” என்று தொடங்கும் பதிவுகள் குவிந்தன. மூன்றாம் வாரம் ஒன்றுகூட வரவில்லை. எழுதியவற்றை யாருமே வாசிக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் எனக்கு முன்பே கண்டுகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வரிசையைத் திருப்பிப் போட்டேன். பதிவு எழுதுவதற்கு முன் மறுமொழி எழுதப் பழக வேண்டும். பக்கம் உருவாக்குவதற்கு முன் பக்கம் திருத்தப் பழக வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. முதல் நான்கு படிகளில் மாணவர் எழுத்து ஒன்றும் வெளிவராது என்பதால் பொறுமை தேவைப்படும். ஏறக்குறைய ஒரு மாதம் அதற்கே போய்விடும்.

1. வேலையை முடிவு செய்த பிறகு கருவியைத் தேர்ந்தெடுங்கள்

வலைப்பதிவில் ஒருவர் எழுதியது அவர் பெயரிலும் அவர் எழுதிய தேதியிலும் நிற்கும். புதியது மேலே வரும், பழையது கீழே இறங்கும். மற்றவர்கள் அதன் கீழே மறுமொழி சொல்லலாமே தவிர, உள்ளே கை வைக்க முடியாது. விக்கிப் பக்கமோ எல்லாருக்கும் பொது. யாரும் எந்த வரியையும் மாற்றலாம்; யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பக்க வரலாற்றில் பதிவாகிவிடும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்து போன பிள்ளை தான் கண்டதைச் சொன்னால் அது வலைப்பதிவுக்குரியது. தண்ணீர்மலைக் கோவிலைப் பற்றி வகுப்பே சேர்ந்து தகவல் திரட்டினால் அது விக்கிக்குரியது. மரபுத்தொடர் விளக்கம், அறிவியல் சொற்பட்டியல், பள்ளியைச் சுற்றியுள்ள இடங்கள் ஆகியவையும் விக்கிக்கு நன்றாகப் பொருந்தும்.

இந்த வேறுபாட்டை நான் ஒருமுறை கவனிக்கத் தவறினேன். ஒரு மாணவி பாட்டியைப் பற்றி எழுதிய பத்தியை விக்கிப் பக்கத்தில் போடச் சொல்லிவிட்டேன். அதில் பாட்டி, “வெள்ளனவே கெளம்பு” என்று சொல்வதாக ஒரு வரி இருந்தது. அடுத்த நாள் வேறொரு மாணவன் அதை, “அதிகாலையிலேயே புறப்படு” என்று திருத்தி வைத்திருந்தான். விக்கியின் விதிப்படி அவன் செய்தது சரிதான். பத்தியை எழுதியவள் அழுதுவிட்டாள், அவள் பக்கமும் நியாயம் இருந்தது. தவறான இடத்தில் வைத்தவன் நான்.

ஒரே ஆண்டில் இரண்டையும் செய்ய நேரமில்லை என்றால் வலைப்பதிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் எழுத்தை மதித்து வாசிக்கும் பழக்கம் வராத வகுப்பில் விக்கி சண்டையில்தான் முடியும்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

முதலாவது, மாணவர் கணக்கு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் 13 வயதுக்கு உட்பட்டவர்கள். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுப் பொதுவான மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுக்கும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது. கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான டெலிமாவில் ஒவ்வொரு மாணவருக்கும் கணக்கு உண்டு, அதையே பயன்படுத்துங்கள். ஆசிரியர் கணக்கில் திறக்கும் எல்லாமே மாணவர் கணக்கிலும் திறக்கும் என்று எண்ண வேண்டாம். பாடத்திற்கு ஒரு வாரம் முன்பே ஒரு மாணவரை அருகில் அமர்த்தி, அவருடைய கணக்கில் ஒவ்வொரு படியையும் செய்துபாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்களின் முதல் பாடவேளை, “சார், எனக்குத் திறக்கல” என்ற குரல்களிலேயே கரைந்துவிடுகிறது.

இரண்டாவது, கடவுச்சொல். பிள்ளைகள் மறப்பார்கள். மறந்தால் யாரிடம் கேட்டு மாற்றுவது என்பதைப் பள்ளியின் டெலிமா பொறுப்பாசிரியரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களைப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்ப வேண்டாம். ஒருவர் கடவுச்சொல் எல்லாருக்கும் தெரிந்த பிறகு பக்க வரலாற்றில் யார் பெயர் இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

மூன்றாவது, அனுமதி. தலைமையாசிரியரிடம் எழுத்து வழி அனுமதியும், பெற்றோரிடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதமும் பெறுங்கள். கடிதம் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். பிள்ளையின் எழுத்து, படம், குரல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள், ஏனென்றால் எழுத்துக்குச் சம்மதிக்கும் பல பெற்றோர் படத்துக்குச் சம்மதிப்பதில்லை. “சட்டம் கேட்கிறதா?” என்று சிலர் வினவுவார்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. ஆகவே அந்தச் சட்டத்தைச் சாக்காக வைத்து ஒப்புதல் வாங்கவோ வாங்காமல் விடவோ வேண்டாம். பிறர் வீட்டுப் பிள்ளையின் பெயரை இணையத்தில் வைக்கும் முன் கேட்டுக்கொள்வது நம் கடமை.

நான்காவது, கணினி. கணினிக்கூடத்தில் எத்தனை இருக்கின்றன என்பதை விட, எத்தனை வேலை செய்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பாதிதான் ஓடுகிறது என்றால் இருவருக்கு ஒரு கணினி எனத் திட்டமிடுங்கள். பின்னால் வரும் சில படிகளுக்கு இருவராக அமர்வது உண்மையிலேயே நன்மை தருகிறது.

3. தமிழ்த் தட்டச்சுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். பேச்சில் சரளமாக இருக்கும் பிள்ளை, விசைப்பலகையின் முன் ஒரு வரிக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால், அவன் எழுதுவதெல்லாம் குறுகிப்போகும். அதைப் பார்த்து அவனுக்குக் கருத்து வறட்சி என்று நாம் முடிவு கட்டுவோம்.

விசைமுறை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வகுப்பு முழுவதற்கும் அதையே வையுங்கள். தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் வருவதால் விரைவு கூடும், பழக நாளாகும். அஞ்சல் முறை ஒலிப்பின்படி ஆங்கில எழுத்துகளைத் தட்டுவது என்பதால் முதல் நாளே ஏதாவது எழுதிவிடலாம். ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை உண்டு என்பதைச் சொல்லித்தராவிட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே விசையில் முடித்துவிடுவார்கள். வாரத்திற்கு இரண்டு பாடவேளை மட்டுமே கணினிக்கூடம் கிடைக்கும் வகுப்புக்கு நான் அஞ்சலையே பரிந்துரைப்பேன். வீட்டில் கைப்பேசியில் எழுதும் பிள்ளைகள் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியிலும் அதே முறையைத் தொடரலாம்.

பயிற்சிக்கு நீண்ட பத்தி வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மரபுத்தொடரும் அதை வைத்து ஒரு வாக்கியமும் போதும். குரல்வழித் தட்டச்சை இந்தக் கட்டத்தில் தடுத்து வையுங்கள். ன, ந, ண வேறுபாட்டை அது பிள்ளைகளுக்காகத் தானே முடிவு செய்துவிடுவதால் கண் பழகாமல் போய்விடும்.

4. இடத்தை அமையுங்கள், கதவைப் பூட்டி வையுங்கள்

மாணவர் கணக்கிலும் திறக்கிறது என்றால், வலைப்பதிவுக்கு கூகுளின் இலவசச் சேவையான ப்ளாகர் போதும். வகுப்புக்கு ஒரே வலைப்பதிவு, அதன் நிர்வாகி ஆசிரியர். பிள்ளைக்கு ஒன்று என்று முப்பது வலைப்பதிவு திறந்தால் உங்களால் வாசித்து முடிக்க முடியாது. ஒரு வலைப்பதிவில் 100 எழுத்தாளர்கள் வரை சேர்க்கலாம், ஒரு வகுப்புக்கு அது தாராளம். அமைப்புகளில் மூன்றை உடனே மாற்றுங்கள்: வாசகர் அனுமதியை அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைப்பது, மறுமொழி எழுதும் உரிமையை உறுப்பினர்களுக்கு மட்டும் கொடுப்பது, ஒவ்வொரு மறுமொழியும் உங்கள் பார்வைக்கு வந்த பிறகே வெளியாகும்படி செய்வது. பூட்டிய கதவைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். திறந்து வைத்துவிட்டுப் பிறகு பூட்டினால், அதற்குள் யார் எடுத்துப் போனார் என்று தெரியாது.

அழைப்பு மின்னஞ்சலை வகுப்பு நேரத்திலேயே அனுப்பி, அங்கேயே ஏற்கச் செய்யுங்கள். பிள்ளைகள் அஞ்சல் பெட்டியைத் திறப்பதே இல்லை. வீட்டில் ஏற்கச் சொன்னால் அழைப்பு அங்கேயே கிடக்கும்.

விக்கிக்கு மீடியாவிக்கி போன்ற உண்மையான விக்கி மென்பொருளை நிறுவ வழங்கி (சர்வர்) வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும். தனி ஆசிரியருக்கு அது தலைச்சுமை. இணையத்தளம் அமைக்கும் கருவியான கூகுள் சைட்ஸ் பார்ப்பதற்கு விக்கி போலவே இருக்கும், பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது: பழைய பதிப்பை மீட்டால் அந்த ஒரு பக்கம் மட்டும் மீளாது, தளம் முழுவதும் அந்த நேரத்துக்குப் பின்வாங்கும். ஒரு பிள்ளை தன் பிழையைச் சரிசெய்யப் போய் மற்ற குழுக்களின் அரைநாள் உழைப்பை அழித்துவிட முடியும். நான் கூகுள் டாக்ஸில் பக்கத்துக்கு ஒரு ஆவணம் திறந்து, எல்லாவற்றுக்கும் இணைப்புத் தரும் ஒரு முகப்பு ஆவணம் வைக்கிறேன். ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி வரலாறு கிடைக்கிறது, யார் எதை மாற்றினார் என்பது நிறம் பிரித்துத் தெரிகிறது.

பெயர் விதியையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளையின் முதற்பெயர் மட்டும் வரலாம். தந்தை பெயர், வீட்டு முகவரி, பிறந்தநாள் எதுவும் வரக்கூடாது.

5. முதல் எழுத்து மறுமொழியாக இருக்கட்டும்

மூன்று பதிவுகளை நீங்களே எழுதுங்கள். பாடம் நடத்தும் தொனியில் எழுதாதீர்கள். பிள்ளைகள் மறுக்கத் துடிக்கும் கருத்து ஒன்றாவது அவற்றில் இருக்க வேண்டும். பினாங்கின் சோற்று உணவான நாசி கண்டாரைப் பற்றி, “பல குழம்புகளைக் கலந்து ஊற்றாவிட்டால் அது நாசி கண்டாரே இல்லை” என்று நான் ஒருமுறை எழுதினேன். அன்றைக்கு வகுப்பில் வந்த மறுமொழிகள் அதற்கு முந்தைய மாதம் முழுவதும் வந்தவற்றை விட அதிகம்.

மறுமொழியில் “சூப்பர்”, “அருமை” என்று மட்டும் எழுதத் தடை போடுங்கள். அவற்றுக்குப் பதிலாக மூன்று வேலைகளைக் கேளுங்கள்: பதிவிலிருந்து ஒரு வரியைச் சுட்ட வேண்டும், அந்த வரி தனக்கு எதை நினைவூட்டியது என்று சொல்ல வேண்டும், ஆம் இல்லை என்று முடித்துவிட முடியாத ஒரு கேள்வி கேட்க வேண்டும். என் பதிவுக்கு ஒரு மாணவன் முதலில், “நல்லா இருக்கு சார்” என்று எழுதினான். திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை, “கலந்து ஊற்ற வேண்டும் என்கிறீர்கள். என் அப்பா மீன் குழம்பை மட்டும்தான் கேட்பார். அவர் சாப்பிடுவதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?” என்று வந்தது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. மறுமொழி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைத்தான் எல்லா வகுப்பிலும் காட்டுகிறேன்.

மறுமொழியை முதலில் வைப்பதற்குக் காரணம் இரண்டு. நான்கு வரிதான் என்பதால் தட்டச்சு தடையாவதில்லை. அடுத்து, பதிவு எழுதத் தொடங்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசகர்கள் தயாராக இருப்பார்கள்.

6. பதிவுகளைச் சுற்று முறையில் வெளியிடுங்கள்

வாரத்திற்கு ஐந்து பேர் மட்டும் எழுதட்டும், மற்றவர்கள் வாசித்து மறுமொழி தரட்டும். முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஆறு வாரத்திற்கு ஒருமுறை ஒருவர் முறை வரும். பெற்றோர்கள், “என் பிள்ளை எழுதவே இல்லையே” என்று கேட்பார்கள். வாராவாரம் மறுமொழி எழுதுவதும் எழுத்துதான் என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலேயே சொல்லிவைத்தால் பின்னர் சிக்கல் இல்லை.

பதிவு ஏறக்குறைய 120 சொல் இருந்தால் போதும். முதல் வரைவை எழுதிய பிள்ளை அதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். நாக்கு தடுக்கும் இடத்தில்தான் வாக்கியமும் தடுக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிழை திருத்தத்தில் ஆசிரியர்கள் அளவு மீறுகிறார்கள். எல்லாப் பிழையையும் நீங்கள் திருத்தி வெளியிட்டால் அது உங்கள் பதிவு. ஒரு சுற்றுக்கு இரண்டு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுற்றில் வல்லினம் மிகுமிடமும் லகர ளகர ழகரமும் என்றால், மற்றவை அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கட்டும். வலைப்பதிவு பூட்டியிருப்பதால் பிழையோடு வெளிவருவது பெரிய அவமானமாகிவிடாது.

படங்களில் கவனம் வேண்டும். பள்ளிச் சீருடையில் எடுத்த படத்தில் பெயர் பட்டையும் பள்ளிச் சின்னமும் தெளிவாகத் தெரியும், அப்புறம் முதற்பெயர் விதி இருந்து பயனில்லை. கை, பொருள், இடம் இவற்றைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். தேடுபொறியில் கிடைத்த படத்தை அப்படியே ஒட்டுவதைத் தடுத்து, உரிமத்தோடு படங்களைப் பகிரும் விக்கிமீடியா பொதுவகத்தில் தேடவும், எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கீழே எழுதவும் பழக்குங்கள்.

7. விக்கியில் வெற்றுப் பக்கம் கொடுக்காதீர்கள்

வெற்றுப் பக்கத்தை நான்கு பேரிடம் கொடுத்தால் ஒருவர் எழுதுவார், மூவர் பார்ப்பார்கள். அதனால் முதல் விக்கிப் பாடத்தில் குறை உள்ள ஒரு பக்கத்தை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். நான் பத்து வரியில் ஒரு பக்கம் எழுதி, எழுத்துப்பிழை நான்கும் இரண்டு முறை வரும் தகவல் ஒன்றும் தவறான ஆண்டு ஒன்றும் வைப்பேன். பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல். பக்கத்தில் 1995 என்றிருக்கும். பிழையைக் கண்டவர் திருத்துவதோடு, ஏன் திருத்தினேன் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் இட வேண்டும்.

அதற்கு முன்பு தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திரையில் திறந்து, அதன் வரலாற்றையும் பேச்சுப் பக்கத்தையும் காட்டுங்கள். பெரியவர்களும் ஒரே பக்கத்தில் பலமுறை திருத்திக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தபின் பிள்ளைகளுக்குத் திருத்தப்படுவதில் உள்ள கூச்சம் குறைகிறது.

பிறகு உண்மையான பக்கங்களுக்குப் போகலாம். குழுவுக்கு நால்வர், ஆளுக்கு ஒரு பொறுப்பு: தகவல் திரட்டுபவர், எழுதுபவர், ஆதாரம் சரிபார்ப்பவர், மற்றப் பக்கங்களோடு இணைப்பு கொடுப்பவர். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பொறுப்பு மாற வேண்டும். மாறாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் ஆண்டு முழுவதும் எழுதுவார்.

ஒரு முறை, ஜார்ஜ் டவுன் குயின் தெருவில் உள்ள மகாமாரியம்மன் கோவிலைப் பற்றிய பக்கத்தில் ஒரு மாணவி 1833 என்று எழுத, ஒரு மாணவன் 1801 என்று மாற்றினான். அவள் மீண்டும் 1833 ஆக்கினாள். வரலாற்றைத் திறந்து பார்த்தபோது ஒரே மாலையில் அந்த நான்கு இலக்கம் ஒன்பது முறை மாறியிருந்தது. அதே ஊரில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் 1801-இல் தொடங்கியதுதான் என்பதால், அவன் அதைத்தான் குழப்பிக்கொண்டான் என்று அவள் வாதிட்டாள்.

எது சரி என்று நான் சொல்லவில்லை. பக்கத்தை ஒரு நாள் பூட்டி, இருவரும் தாங்கள் எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஓரக்குறிப்பில் எழுதச் சொன்னேன். இரண்டு ஆண்டுக்குமே இடம் இருந்தது: 1801-இல் சிறு வழிபாட்டிடமாக இருந்தது 1833-இல் கோவிலாக எழுந்தது. ஒன்பது முறை அழிக்கப்பட்ட எண் இரண்டு முழு வாக்கியமாயிற்று. அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு விதி உண்டு: பிறர் வரியை அழிக்கும் முன் ஓரக்குறிப்பில் காரணம் எழுத வேண்டும், ஒரே வரியை இரண்டாம் முறை மாற்றுவதற்கு முன் எழுதியவரிடம் பேச வேண்டும்.

வேறொரு தளத்திலிருந்து முழுப் பத்தியை எடுத்து ஒட்டுவதும் இங்கே அடிக்கடி நடக்கும். “அன்னாரின் அரும்பணி போற்றத்தக்கது” என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை எழுதியிருந்தால் உங்களுக்கே தெரியும். தண்டிக்க வேண்டாம்; பக்கத்தை மூடச் சொல்லி, அந்தச் செய்தியை வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை அப்படியே எழுதினால் வேலை முடிந்தது.

8. மதிப்பீட்டுக்கு வரலாற்றைப் பாருங்கள்

முடிந்த பக்கத்தைப் பார்த்துக் குழுவுக்கு ஒரே புள்ளி தருவது எளிது, ஆனால் நியாயமில்லை. பதிப்பு வரலாற்றில் ஒவ்வொருவர் செய்த மாற்றமும் தெரிவதால், வகுப்பறை மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையைத் தனித்தனியாகத் தீர்மானிக்க அதுவே சான்று. எத்தனை முறை மாற்றினார் என்று எண்ணாதீர்கள்; எண்ணத் தொடங்கினால் முற்றுப்புள்ளியை நூறு முறை அழித்துப் போடுவார்கள். சிறந்த இரண்டு திருத்தங்களைப் பிள்ளையே தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லட்டும்.

இரவு பதினொரு மணிக்கு ஒரே மூச்சில் இருநூறு சொல் பிழையின்றி வந்திருந்தால் அது பெரும்பாலும் அம்மாவின் கைவண்ணம். மறுநாள் வகுப்பில் அதற்கு ஒரு மறுமொழி எழுதச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும், யாரையும் புண்படுத்தவும் தேவையில்லை.

9. ஆண்டு முடிவதற்கு முன் எடுத்து வையுங்கள்

இலவசத் தளங்கள் என்றும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். உலகெங்கும் வகுப்பறைகளில் பயன்பட்ட விக்கிஸ்பேசஸ் 2018-இல் சேவையை நிறுத்தியபோது, எடுத்து வைக்காதவர்கள் இழந்தார்கள். ப்ளாகர் அமைப்புகளில் உள்ளடக்கத்தைக் காப்புப் பிரதி எடுக்கும் வசதி உண்டு. ஆனால் அதில் கிடைக்கும் கோப்பைப் பெற்றோரால் திறந்து வாசிக்க முடியாது. அதனால் பதிவுகளைப் பிடிஎஃப் ஆகவும் மாற்றி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் எழுதியதைக் கொடுத்துவிடுங்கள். விக்கி ஆவணங்களின் உரிமை மாணவர் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளி மாறும் மாணவரின் கணக்கோடு குழுவின் பக்கமும் கைநழுவிப் போகலாம். நான்காம் படியிலேயே எல்லா ஆவணத்தையும் ஆசிரியர் கணக்கில் திறந்திருந்தால் இந்தக் கவலை எழாது.

ஆறாம் ஆண்டு மாணவர்களின் திருத்தும் உரிமையை எடுத்துவிட்டு, வாசிக்கும் உரிமையை மட்டும் விட்டுவையுங்கள். விக்கியை அழிக்காதீர்கள். அடுத்த ஆண்டு ஏழாம் படிக்குக் குறையுள்ள பக்கத்தை நீங்கள் உட்கார்ந்து தயாரிக்க வேண்டியதில்லை. அண்ணன்மார், அக்காமார் விட்டுச்சென்ற பக்கங்களிலேயே போதுமான பிழைகள் இருக்கும்.